இரண்டு தடவை பெருக்கிய குரல்

காலை பத்து இருபது. கம்ப்யூட்டர் அறை வாசலில் ஏழு ஜோடி செருப்புகள் கிடந்தன. ஒரு ஜோடியில் வெற்றிலைக் கொடிக்கால் சேறு இன்னும் காயவில்லை. சோழவந்தானிலிருந்து பெண் வீட்டார் சொல்லாமல் வந்துவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஒலி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெண்ணுக்கும் எனக்கும் பிடித்துவிட்டது. என் வேலை என்ன என்பதுதான் அவள் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. வெற்றிலை வியாபாரி, கண்ணால் பார்க்காமல் எதையும் முடிக்க மாட்டார். பிடிபடாவிட்டால், ரைஸ்மில் வைத்திருந்த முறைமாப்பிள்ளை தயாராக இருந்தார்.

“மைக்குல பேசுங்க மாமா. இந்த ஏ.சி. உறுமலை எடுத்துட்டு உங்க குரலை மட்டும் தாரேன்” என்றேன். (அடக்கம் அப்போது என்னிடம் கிடையாது.)

அவர் வெற்றிலை விலையைப் பத்து விநாடி பேசினார். கம்ப்யூட்டர் அதைக் கால் விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் உறுமலை நீக்கி, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்ட வேண்டும். ஒட்டு தெரியாமலிருக்க, துண்டின் இரு முனையும் மெல்லத் தேயும்படி ஓர் எண்வரிசையால் பெருக்குவோம். அதற்கு ‘விண்டோ’ என்று பெயர். மணி வடிவ விண்டோவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு துண்டு தேயும் இடத்தில் அடுத்தது வளர்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். ஒரு தடவை பெருக்கினால் போதும். வந்திருப்பது மாமனார் ஆயிற்றே! உறுமலை எடுக்கும் முன் ஒரு தடவை, எடுத்த பின் ஒரு தடவை என்று பெருக்கிவைத்தேன். (பாயசத்துக்கு இரண்டு பேர் சர்க்கரை போட்ட கதை.)

இரண்டு சுற்றுக் காப்பிக்குப் பிறகு கம்ப்யூட்டர் கணக்கை முடித்தது. ஒலிபெருக்கியில் உறுமல் இல்லை. ஆனால் குரல் விநாடிக்கு எட்டுத் தடவை பாதியாக இறங்கி ஏறியது.

“வெ-எ-எ-எத்தல-அ-அ-அ…”

அசல் செம்மறியாடு.

“அண்ணே, நம்ம கிடாயில்ல பேசுது!” என்று பெண்ணின் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா போடுங்க தம்பி” என்றார்.

ரைஸ்மில் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

கூட வேலை பார்த்த ஜமால், கோரிப்பாளையத்துக்காரன், காதோரம் வந்தான். “ரெண்டு தடவை பெருக்கியிருக்க மாப்ள. ஒண்ணைத் தூக்கு.” ஆட்டுக் குரலை அவன் ஏற்கெனவே கேசட்டில் எடுத்து வைத்திருந்தான்.

ஒன்றை எடுத்தேன். மறுபடி காப்பி. இம்முறை உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை, குரல் சுத்தம். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அத்தை முகம் சுளித்தார். “இது அண்ணன் பேசுறாப்லயே இருக்கே! இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? இம்புட்டு நேரம் உக்காந்ததுக்கு அவரே பேசிட்டுப் போயிருப்பாரு.”

பெண்ணின் அப்பா எழுந்து என் தோளில் கை வைத்தார்.

“அந்த ஆட்டைப் போடுங்க, மாப்ள.”

காலையிலிருந்து அதுவரை நான் அவருக்குத் தம்பி. ஜமால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கல்யாணப் பந்தலில் நாதஸ்வரக்காரர் ஓய்ந்தபோதெல்லாம் அந்தக் கேசட் ஓடியது. வீட்டில் நான் ஆணி அடிக்கக் கிளம்பினாலும் “ஒரு தடவை போதும்” என்கிறாள் மனைவி. பேரன்மார் எனக்குப் போன் போட்டால் ஆடு மாதிரிதான் ‘ஹலோ’ சொல்கிறார்கள்.

சரியாக வந்த குரலை அதன்பிறகு யாரும் போடச் சொல்லவில்லை.