சவுக்குத்தோப்பில் உதித்த சூரியன்

நடந்ததை நடந்தபடியே நினைவில் வைத்திருப்பது பழைய முறை. உலக நாடுகள் பலவும் இன்னும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகின்றன. அந்தச் சிரமத்தை ஒழித்து, வரலாற்றுக்கு வேண்டிய அளவு சாட்சிகளைத் தயாரித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் புதுச்சேரியைச் சேரும். குறிப்பாக, 'நேரில் கண்டோர் நினைவுச் சீராக்கக் குழு'வைச் சேரும். அதன் செயலாளர் என்ற முறையில், இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

1954 நவம்பர் முதல் தேதி இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அன்று விடியற்காலை, வட எல்லையான கனகசெட்டிக்குளத்தில், சுங்கச்சாவடியின் கேட்டு திறந்தது. திறந்தவர் எங்கள் குழுத் தலைவர் விஜயராகவனின் தந்தையார். அதற்குப் புகைப்படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நான் ஒரு 'மாதிரி நினைவு' எழுதினேன்:

"சவுக்குத்தோப்புக்கு மேலே செங்கதிரோன் உதித்தான். தலைவரின் தந்தையார் தம் கையாலேயே கேட்டை உயர்த்தினார். என் கண்களில் நீர் பெருகியது."

இதைப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டோம். சாட்சி சொல்ல வருபவர் முன்பக்கத்தில் தன் சொந்த நினைவை எழுத வேண்டும். இரண்டையும் கணினியில் ஒப்பிடுவது எங்கள் அலுவலக உதவியாளர் சிந்துஜாவின் வேலை. எழுபத்தைந்து விழுக்காடு பொருந்தினால் சான்றிதழும் பொன்னாடையும் உண்டு.

1954க்குப் பின் பிறந்தவர்கள் மனம் நோகக் கூடாதல்லவா? அவர்களுக்கென்று 'பரம்பரை நேரில் கண்டோர்' பிரிவு. போன வருடம் மூலக்குளத்தில் மனை வாங்கிக் குடிவந்தவர்களுக்கு 'வசிப்பிட நேரில் கண்டோர்' பிரிவு. நான் பிறந்தது 1981. பரம்பரைப் பிரிவில் முப்பத்தேழாவது சாட்சி. ஆக மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் முதல் வரிசையில் நின்றவர்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, கன்னியம்மாள் வந்தார். எண்பத்திரண்டு வயது. கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்றவர். நிஜமாகவே அங்கே இருந்தவர்கள் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் விதிகளில் எதுவும் இல்லை.

"ஆயா, அன்னைக்கு உங்களுக்கு என்ன வயசு?"

"பத்து முடிஞ்சி பதினொண்ணு."

"என்ன பாத்தீங்க?"

"எங்கண்ணன் கலியபெருமாளு கேட்ட தொறந்தான். பிரெஞ்சுக்காரங்கிட்ட சுங்கக் காவலுக்கு இருந்தான். மத்தியானம் வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு மேல உத்தரவு. ஜனம் நிக்கறதப் பாத்துட்டு விடியக்காலமே தொறந்துட்டான்."

"தலைவரோட அப்பாதானே தொறந்தாரு?"

"அவரு சாயங்காலம் அஞ்சு மணிக்கு காருல படம் புடிக்கறவரோட வந்தாரு. அதுக்குள்ள நாங்க அந்தாண்ட போயி, மீன் வித்துட்டு, திரும்பியும் வந்துட்டோம். படத்துக்காக மறுபடியும் கேட்ட எறக்கி ஏத்தனாங்க. அப்பயும் ஏத்தனது எங்கண்ணன்தான்."

மாதிரி நினைவை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"சூரியன் சவுக்குத்தோப்புல மொளச்சிச்சா? அப்ப கடலு எங்கப்பா போச்சி அன்னிக்கு?"

இங்கே ஒரு விளக்கம். எங்கள் கரையில் சூரியன் கடலில்தான் உதிக்கும். சவுக்குத்தோப்பு மேற்கே இருக்கிறது. படத்தில் சூரியன் தோப்புக்கு மேலே தாழ்ந்திருந்தது, நான் அப்படியே எழுதிவிட்டேன். தினமும் கடலைப் பார்த்துப் பல் விளக்குகிற ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அதையே நினைவுகூர்ந்துவிட்டார்கள். ஒருமித்த சாட்சியம் என்றால் இதுதான். அன்று ஒருநாள் மட்டும் சூரியன் மேற்கே உதித்தது என்று குழு தீர்மானம் போட்டது.

கன்னியம்மாளுக்கு நான்கு விழுக்காடு கிடைத்தது. அதுவும் 'கேட்டு' என்ற சொல் இருந்ததால்.

"உங்களுக்கு என்னதான் வேணும், ஆயா?" என்றேன்.

"நீங்க வெக்கப்போற நெனவுக்கல்லுல அவன் பேரு. வெள்ளக்காரன் ஆளுன்னு சொல்லிச் சொல்லியே ஊர விட்டு வெரட்டிட்டாங்க. விழுப்புரத்துல மூட்ட தூக்கிச் செத்தான். இப்ப அவன் பேர சொல்ல நான் ஒருத்திதான் இருக்கேன். நானும் எத்தினி நாளைக்கி இருப்பேன்?"

தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் நியாயஸ்தர்.

"ஒருத்தர் மட்டும் சொன்னா அது நினைவு இல்ல, கருத்து. அந்தம்மாவ மாதிரி நினைவுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நம்ம கன்னியம்மாளுக்குப் பொன்னாடை ரெண்டா குடுத்துடலாம்."

கன்னியம்மாளிடம் சொன்னேன். "அத உங்க சூரியனுக்குப் போத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிந்துஜா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், தலைவரோட அப்பா கைக்கும் கேட்டுக் கழிக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி இருக்குது."

"அது ஆளுமையின் வீச்சு" என்றேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினோம்.

ஆனால் எனக்கு விஷயம் தெரியும். அந்தக் காலத்துக் கேட்டு ரயில்வே கேட்டைப் போன்றது. நீளமான கழி; பின்முனையில் கனமான கல். கழியை யாரும் தூக்குவதில்லை. பின்னால் நின்று கல்லை அமுக்கினால் முன்முனை தானாக எழும். கையை எடுத்தால் மெல்ல இறங்கிவிடும். ஆகவே முன்னால் எவ்வளவு பெரிய மனிதர் கையை உயர்த்தி நின்றாலும், பின்னால் ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். படத்தின் இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கல் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த வருடம் நவம்பர் முதல் தேதி, கனகசெட்டிக்குளத்தில் நினைவுக்கல் திறப்பு. தலைவர் தம் தந்தையைப் போலவே கேட்டை உயர்த்துவதாக ஏற்பாடு. ரெட்டியார்பாளையம் பட்டறையில் படத்தைக் கொடுத்து, அதேபோல ஒரு கேட்டு செய்யச் சொன்னோம். "பின்னாடி வெயிட்டு இல்லாம ஏறாது சார்" என்றார் பட்டறைக்காரர். தலைவர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். கல் பிளெக்ஸ் பேனருக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை அமுக்கும் பொறுப்பு எனக்கு. கேட்டின் இயக்கம் தெரிந்தவன் குழுவில் நான் ஒருவன்தானே.

பேனருக்குப் பின்னால் கல்லில் கை வைத்து நின்றேன். முன்னால் மேளம் கேட்டது. பக்கத்தில் யாரோ வந்தார்கள். கன்னியம்மாள்.

"இப்பிடித்தான் நின்னான். இதே எடம்" என்றார்.

"ஆயா, விழா நடக்குது. அப்புறம் பேசலாம்."

"நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு செய்யி. மைக்குல அவன் பேர ஒருவாட்டி சொல்லச் சொல்லு. கலியபெருமாளு, அவ்ளோதான். சொன்ன பொறவு அமுக்கு. நீ அமுக்கலன்னா அது ஏறாது, ஒனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். இவ்வளவு தெளிவாக அது எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. அந்த ஒரு நிமிடம் தலைவர், நினைவுக்கல், நானூற்றுப் பன்னிரண்டு சாட்சிகள் எல்லாமே என் உள்ளங்கையில் அடக்கம்.

"என்னய்யா, தூங்கறியா?" என்று பேனருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவர் பல்லைக் கடித்தார்.

அமுக்கினேன். கழி அழகாக எழுந்தது. கைதட்டல் கேட்டது. படமெடுப்பவர்கள் முடிக்கும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

கன்னியம்மாள் கோபப்படவில்லை.

"உன் பேரு என்னப்பா?"

"எதுக்கு ஆயா?"

"நாளைக்கி யாரு தொறந்தாங்கன்னு கேட்டா, நான் சொல்லணும் இல்ல?"

நான் சொல்லவில்லை. நான்கு விழுக்காடு மட்டுமே தேறிய ஒரு சாட்சியிடம் செயலாளரின் பெயரை ஒப்படைக்க விதிகளில் இடமில்லை. மேலும், இந்த விழாவுக்கும் நேரில் கண்டோர் படிவம் அன்று மாலைக்குள் தயாராக வேண்டியிருந்தது. முதல் படிவத்தை நானே நிரப்பினேன். கேட்டைத் திறந்தவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில், கல்லை அமுக்கிய அதே கையால், தலைவரின் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டேன்.