ராஜாமணிக்குத் தொழில் பார்த்த கதை

ஏரியூர்,
சர்வதாரி வருஷம் ஆனி மாதம் 14, ஞாயிற்றுக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சேலம் மச்சான் தர்மன் அவர்கள் சமூகத்துக்கு ஏரியூர் மாயவன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கை முனியம்மாளும் பையன் ராஜாமணியும் இரண்டு எருதுகளும் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் அக்காளும் குழந்தைகளும் தீர்த்தமலையான் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். எழுதிக்கொண்டது என்று சொன்னேனே தவிர, வாய்தான் என்னுடையது, கை ராஜாமணியுடையது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் வாய்க்கு வந்தபடி சொல்லுவேன், அவன் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுவான், ஊரார் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதடா என்று சொல்லியிருக்கிறேன். சங்கடம் என்னவென்றால் விஷயமே அவனைப் பற்றியது. ஊரில் எழுதத் தெரிந்த இன்னொருவர் கணக்குப்பிள்ளை. அவரிடம் சொன்னால் கடிதம் சேலம் சேருவதற்கு முன்னால் சேதி பென்னாகரம் சந்தையைச் சுற்றி வந்துவிடும். அதனால் அவனையே உட்கார வைத்து அவனைத் திட்ட வேண்டியிருக்கிறது.

போன சந்தை நாளில் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பையன் ஜன்னலை உடைத்துவிட்டான் போலிருக்கிறது என்று மடியில் இருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனேன். அதெல்லாம் இல்லை. இந்த வருஷத்திலிருந்து ராஜாமணி மாதிரி நாலாவது பாரம் படிக்கிற பையன்கள் பாடத்தோடு ஒரு தொழிலும் எடுத்துப் படிக்க வேண்டுமாம். டைப் அடிப்பது ஒன்று, இஞ்சினியரிங் ஒன்று, நெசவு ஒன்று, விவசாயம் ஒன்று. எடுத்தால் எடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது, பரீட்சையும் அதில்தான். "பையனுக்கு நாட்டம் எதுலன்னு வூட்ல நல்லா கவனிச்சுப் பாத்துட்டு, வர்ற திங்கக்கிழமை சொல்லி அனுப்புங்க" என்றார். நானும் கவனித்தேன். களி உருண்டையில் அவனுக்கு நல்ல நாட்டம். அதற்கடுத்து தூக்கத்தில். இந்த இரண்டுக்கும் ஹெட்மாஸ்டரிடம் வகுப்பு இல்லை. (இங்கே எழுதுகிறவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். எடுக்கச் சொல்லி மறுபடி ஆரம்பிக்கிறேன்.)

அந்தச் சமயத்தில்தான், இந்த ஏற்பாட்டைச் சேலத்துப் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு நீங்கள் போட்ட கடுதாசி வந்தது. டைப் அடிக்கத் தெரிந்தவனுக்குச் சேலத்தில் எந்த வக்கீல் ஆபீஸிலும் நாற்காலி உண்டு, பையன் டைப் எடுக்கட்டும், பரீட்சை முடிந்ததும் என் வீட்டிலேயே தங்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இந்த நிலத்தை நம்பி இன்னொருவன் வேண்டாம். கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்தால் எருது முன்னாலும் பின்னாலும் நடப்பதுதான் மிச்சம், தண்ணீர் மொள்ளுகிற சாலில் சேறுதான் வருகிறது. மேட்டுத்தோட்டத்துக்காரர் ஆயில் எஞ்சின் ஒன்று வாங்கி வைத்து ஊரையே கூட்டிக் காட்டினார். மாசி மாதம் அது இருமிவிட்டு நின்றது. சேலத்திலிருந்து மெக்கானிக் வர வேண்டுமாம், மெக்கானிக்குக் கடுதாசி போட்டுப் போட்டு அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது, இப்போது அதன் மேல் கோழி முட்டை வைக்கிறது. ஆகையால் டைப் என்றே முடிவு பண்ணினேன். உங்கள் தங்கைதான் விடவில்லை. "எங்கண்ணன் வூடேயானாலும் பெத்த புள்ளய அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சகுனம் பாக்க வேணாமா? நீங்க பாட்டுக்கு மாடு ஓட்டி வுடறாப்புல ஓட்டி வுட்டுடறதா?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுச் சென்னம்மாளை உங்களுக்குத் தெரியும், தெலுங்குக்காரர்கள், நல்ல மனுஷி, வேலி தாண்டி வந்து யோசனை சொல்லுவாள். அவர்கள் வீட்டில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற அன்றைக்குப் பாய் விரித்து நாலு தொழில் சாமானை வைத்துக் குழந்தையைத் தவழ விடுவார்களாம். எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் தொழிலாம். "எம் பெரியவன் படியத் தொட்டான், இன்னிக்கி மண்டியில அளந்துக்கினு இருக்கான். சின்னவன் சாமானையெல்லாம் வுட்டுட்டு சோத்துத் தொன்னையத் தொட்டான், அவன் சமாச்சாரம் ஊருக்கே தெரியும். உங்கூட்டுப் பையனுக்கு நீங்க இதப் பண்ணவேயில்ல, அதான் இந்தக் கொழப்பம்" என்றாள். இப்போது பண்ணினால் பலிக்குமா என்று முனியம்மாள் கேட்டாள். "லேட்டாப் பண்ணாலும் பலிக்கும், ஆனா தவழ்ந்துதான் வரணும்" என்று சென்னம்மாள் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். பையனுக்குப் பதினாலு வயது, மேலுதட்டில் பூனைமுடி வந்துவிட்டது.

சாமான் சேர்ப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. நெசவுக்குச் செட்டியார் வீட்டிலிருந்து தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவும் நூல்கண்டும் வந்தன. இஞ்சினியரிங்குக்கு என்ன வைப்பது என்று புரியவில்லை. ராத்திரி இங்கே தங்கிக் காலையில் புறப்படுகிற, கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் சவுரியப்பனிடம் போய், தூங்குகிற பஸ்ஸுக்கு ஸ்பானர் எதற்கு, பொழுது விடிந்ததும் தந்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். டைப் யந்திரத்துக்குத்தான் திண்டாட்டம். நான் அதைப் பார்த்ததில்லை. வரிசையாகக் கட்டை இருக்கும், விரலால் அமுக்கினால் வேலை செய்யும் என்று ராஜாமணி சொன்னான். அப்படி இந்த ஊரில் இருப்பது பஜனை மடத்து ஆர்மோனியம் ஒன்றுதான். அதையே தலைமேல் தூக்கி வந்தேன். விவசாயத்துக்கு ஏர்க் கொழுவை வைக்க வேண்டும் என்றாள் சென்னம்மாள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அதை நான் வாசலோரத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதை நான் தொட்டதே எங்கள் வம்சத்துக்குப் போதும்.

நேற்றுக் காலை ராகு காலத்துக்கு முன்னால் வாசலில் பாய் விரித்தாயிற்று. தெருவே கூடிவிட்டது. பையன் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டான். "ஆத்தாளுக்காக ஒரே தடவ தவழ்ந்துடு சாமி, இனிமே உன்ன நான் எதுவுமே கேக்க மாட்டேன்" என்று முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அரை நிஜாரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு முட்டி போட்டான். ஆர்மோனியம் சும்மா இருந்தால் அதில் ஜீவன் இல்லை, பிள்ளை தொடாது என்று சென்னம்மாள் சொன்னதால் நான் பக்கத்தில் குந்தி துருத்தியை ஆட்டிக்கொண்டிருந்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அதுதான் மச்சான். எங்கிருந்தோ ஒரு ஆட்டுக்குட்டி துள்ளி வந்து இரண்டு முன்னங்காலையும் கட்டைமேல் வைத்தது, ஆர்மோனியம் ஓலமிட்டது, அந்தச் சத்தத்தில் வலத்து எருது கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்மேல் வந்தது, செட்டியார் வீட்டு நூல்கண்டு அதன் கொம்பில் மாட்டிப் பிரிந்து தெருக்கோடி வரைக்கும் போனது, ஜனங்கள் வேலிமேல் ஏறினார்கள், சென்னம்மாள் எங்கள் குதிர்மேலேயே ஏறிவிட்டாள். பையன் மட்டும் முட்டி போட்டபடி ஆர்மோனியத்தைத் தாண்டினான், நாடாவைத் தாண்டினான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சவுரியப்பன் குரல். "மாயவண்ணா! ஸ்பானர் எங்கண்ணா? வண்டி கிளம்ப மாட்டேங்குது, ஜனமெல்லாம் உள்ள குந்திக்கினு என்னத் திட்டுது!" ராஜாமணி ஸ்பானரை எடுத்தான், எழுந்தான், ஓடினான்.

எருதைப் பிடித்துக் கட்டியதும் பஞ்சாயத்து ஆரம்பமாயிற்று. ஸ்பானரைத் தொட்டுவிட்டான், இஞ்சினியரிங்தான் என்றாள் உங்கள் தங்கை. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை, அதை நாட்டம் என்று சொல்ல முடியாது என்றேன் நான். எடுத்த சமயத்தில் முட்டி தரையில் இருந்ததா, எழுந்த பிறகு எடுத்தானா, எழுந்த பிறகு என்றால் செல்லாது என்று சென்னம்மாள் குதிர்மேலிருந்தே சொன்னாள். முட்டியைப் பார்த்தவர் யாரும் இல்லை, எல்லாரும் எருதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரிலிருந்து இறங்கும்போது சென்னம்மாள் பின்னால் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கொழு இங்க கெடக்குதே?" என்று கேட்டாள். நான் எருதின் அறுந்த கயிற்றை முடிச்சுப் போடக் குனிந்துவிட்டேன். பையன் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தான், தலையிலிருந்து கால் வரை கரி. ஸ்பானரைக் கொடுக்க இவ்வளவு நேரமா, அங்கே என்னடா வேலை என்று கேட்டேன். "அங்க ஒருத்தரும் என்னத் தவழச் சொல்லலீங்கப்பா" என்றான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றாலும், சகுனம் இல்லை என்று ஆகிவிட்டால் பெரியவர்கள் வாக்குத்தான் சகுனம். ஆகவே உங்கள் வாக்குப்படி டைப் என்றே நாளைக்கு ஹெட்மாஸ்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் பையன் உங்கள் பொறுப்பு. அதட்டினால் கேட்பான், அடிக்க வேண்டாம். களி கிடைக்காத ஊர் என்பதால் முதலில் கொஞ்சம் இளைப்பான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் போய்விட்டால் எனக்குக் கடுதாசி எழுத ஆள் இல்லை, மற்றபடி எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

விட்ட இடத்திலிருந்து சொல்லுகிறேன். நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். ஒரு வருத்தமும் இல்லை என்று ஏற்கெனவே எழுதியாயிற்றாம், சரி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை இறங்கினது ஏறவில்லை, பஜனைக்காரர்கள் சனிக்கிழமைக்குள் கேட்பார்கள், சேலத்தில் ரிப்பேர் செய்கிறவர் இருந்தால் விசாரித்து எழுதவும். அக்காளுக்கு என் கும்பிடும், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதமும். நம் குலதெய்வம் உங்கள் வீட்டு விளக்கை எந்நாளும் குறையாமல் எரிய வைக்கட்டும். எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்,
மாயவன்.

பின்குறிப்பு: மாமாவுக்கு ராஜாமணி வணக்கம். கீழே இன்னும் என்னடா எழுதுகிறாய் என்று அப்பா கேட்டார். விலாசம் என்றேன். மாமாவுக்கு இவ்வளவு நீளமா என்று ஆச்சரியப்பட்டார்.

ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்க ஓடினேன் என்று அப்பா சொன்னார், எழுதினேன். திருப்பிக் கொடுக்க மட்டும் போனவன் உச்சிப்பொழுது வரை பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்க வேண்டியதில்லை. கரி வாயு வருகிற குழாயில் அடைப்பு இருந்தது. சவுரியப்பன் அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் கழற்றினேன், நான்தான் மாட்டினேன், வண்டி கிளம்பியது. மேட்டுத்தோட்டத்து எஞ்சினையும் கோழி இல்லாத நேரத்தில் இரண்டு முறை திறந்து பார்த்திருக்கிறேன். சேலத்து மெக்கானிக் வராத ஊருக்கு ஒரு மெக்கானிக் வேண்டும். நாளைக்கு ஹெட்மாஸ்டரிடம் இஞ்சினியரிங் என்று சொல்லப்போகிறேன்.

ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதச் சொன்ன உடனே அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாட்டுக்கு நான் அதற்கு முன்பே காட்டிவிட்டேன். அப்பா தொட்டி அருகே வெகு நேரம் நின்றார், மாடு குடிக்கவில்லை, அவரும் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை மாமா.

ஆகையால் சேலத்தில் டைப் வேலைக்குக் கிராக்கி குறைந்துவிட்டது, பையன் இஞ்சினியரிங் படித்து ஊரிலேயே இருக்கட்டும் என்று நீங்களாகவே யோசித்த மாதிரி ஒரு பதில் எழுதவும். உங்களுக்குப் பொய் எழுத மனம் வராவிட்டால் நிஜத்தையே எழுதலாம், பாதகமில்லை. எதை எழுதினாலும் இங்கே படித்துக் காட்டப்போவது நான்தான்.