கோராவுக்குள் மின்னல்

இனி ஒரு கேமராகூட வாங்குவதில்லை என்று ஸுமானா கூலிபாலி மாமியார் முன்னால் சத்தியம் செய்தார். மாமியார் மெத்தை என்று நம்பி ஒரு கேமராவின் மேல் உட்கார்ந்ததால் வந்த சத்தியம் அது. வீக்கம் வற்றுவதற்குள் ஸுமானா இன்னொன்று வாங்கிவிட்டார்.

பமாக்கோவில் அவர் பூகோள வாத்தியார். சட்டைப் பைக்குள் அடங்குகிற குட்டிக் கேமராவைக் கண்டால் கை அரிக்கும்.

"பாம்பும்தான் படம் எடுக்குது. அதுக்கு ஒரு புத்து போதும். உங்களுக்குக் கட்டில், அலமாரி, அடுப்படின்னு எத்தனை புத்து?" என்பாள் மனைவி ஞெலேனி.

அவருக்குக் கோபம் வராது. வரவும் கூடாது. அவள் கெய்தா குலம். கெய்தாவும் கூலிபாலியும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வாரினாலும் சிரித்துத்தான் ஆகவேண்டும். ஊர் முறை அப்படி.

"காராமணி தின்னிக்குக் கேமரா ஒரு கேடா?" என்பாள் அவள். கூலிபாலிகளுக்கு ஊர் வைத்த கேலிப் பெயர் அது.

"உங்க கூட்டத்தைப் படம் எடுத்தா கேமராவே கண்ணை மூடிக்கும்டி!"

புதுக் கேமரா சோப்புக் கட்டி அளவு. அதை எங்கே ஒளிப்பது? கூடத்தில் அவருடைய கோரா சாய்ந்திருந்தது. பெரிய சுரைக்குடுக்கை, நீளக் கழுத்து, தந்திகள், குடுக்கையில் கை நுழையும் ஓட்டை. அவர் வாசித்தால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. கேமரா ஓட்டைக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஞெலேனியின் தங்கைக்குக் கல்யாணம், இவர்கள் வீட்டு முற்றத்தில். வந்த பாணர் பல்லாவின் கோராவில் தந்தி அறுந்துவிட்டது.

"எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதானே கெடக்கு, பாணரே!" என்று ஞெலேனி கோராவைத் தூக்கி வந்தாள்.

ஸுமானா சோற்றுத் தட்டோடு எழுந்துவிட்டார்.

பல்லா தந்தியை மீட்டினார். உள்ளே கடகடவென்றது. உச்சஸ்தாயிக்குப் போய்க் குடுக்கையை ஓர் ஆட்டு ஆட்டினார். ஓட்டையிலிருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம்! மறுபடி ஆட்டினார். மறுபடி பளிச்! பெரியம்மாக்கள் அலறினார்கள். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் போய்விட்டார்.

"எங்கப்பன் பாட்டன் காலத்துலயும் பாட்டுக்கு இடி மின்னல் வந்ததில்ல!" என்று பல்லா கோராவைக் கீழே போட்டார்.

'பிளாஷை அணைக்க மறந்துட்டேனே, பாவி!' என்று ஸுமானா உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுல ஏதோ புகுந்திருக்கு. ஜோலிபா ஆத்துல எறிஞ்சிடலாம்" என்றாள் ஞெலேனி.

"வேணாம்! அது... மின்மினிப் பூச்சி."

"மத்தியானத்துலயா?"

"படிச்ச பூச்சி. நேரம் காலம் பாக்காம உழைக்கும்."

"அப்ப கையை விட்டு எடுங்க."

"பூச்சிக்கு என்னைப் பிடிக்காது."

இரண்டு பெரியப்பாக்கள் கோராவைத் தூக்கினார்கள். கல்யாணக் கூட்டமே பாடிக்கொண்டு பின்னால் போயிற்று. ஆறு தெரிந்தது. பெரியப்பாக்கள் 'ஒண்ணு, ரெண்டு' என்று வீசி ஆட்டினார்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் மின்னல். ஸுமானா பாய்ந்து குடுக்கையைக் கட்டிக்கொண்டார்.

"பேயும் இல்ல, பூச்சியும் இல்ல! என் கேமரா!"

ஞெலேனி இடுப்பில் கை வைத்தாள்.

"கேமராவா? சத்தியம் என்ன ஆச்சு?"

"தப்புதான்."

"இது ஒண்ணுதானா?"

ஆற்றங்கரையில், அத்தனை குலத்தார் முன்னால், ஸுமானாவுக்கு உண்மை பீறிட்டது. "தினை மூட்டைக்குள்ள ஒண்ணு. பழைய செருப்புக்குள்ள ஒண்ணு. உங்கம்மாவுக்கு நாம வாங்கிக் கொடுத்த தலகாணிக்குள்ள ஒண்ணு."

"அதான் கழுத்து வலியா!" என்று மாமியார் பின்னாலிருந்து கூவினார்.

ஞெலேனி ஓட்டைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு ரப்பர் தவளை. குலுக்கினால் கண் மின்னுகிற குழந்தைப் பொம்மை.

"என் கேமரா எங்கே?" என்று ஸுமானா வாயைப் பிளந்தார்.

அவள் மடியிலிருந்து அந்தச் சோப்புக் கட்டியை எடுத்துக் காட்டினாள்.

"காலையிலேயே இதை எடுத்துட்டுத் தவளையைப் போட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதாங்க."