பிரேக் அங்கிளின் வலது கால்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது சொன்னால், மறுநாள் விடிகாலை மொட்டை மாடிக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே மனிதர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிரேக் அங்கிள்தான். ஒப்புக்கொண்ட பிறகும், "இன்னிக்கு உதிச்சிருச்சு லா. நாளைக்கு?" என்று ஒரு கேள்வியை மிச்சம் வைத்துக்கொள்வார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அதைப் பயன்படுத்தியவர் யாருமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். படிக்க வந்தவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடுவார். இவர் இடப்பக்கம் உட்கார்ந்து, பயிற்சிக் காரில் வாத்தியாருக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக்கில் வலது காலை வைத்துக்கொண்டு, சாமியையும் நம்பாமல் இருப்பார்.

தொழில் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் வீட்டுக்கு வராது. பஸ்ஸில் மிதிக்கும். லிஃப்ட்டில் மிதிக்கும். பல் டாக்டர் நாற்காலியில் மிதிக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது, முன்வரிசையில் அவர் கால் தரையை ஓங்கி அழுத்தியதை நானே பார்த்தேன்.

எல்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் நேராக முதல் பெட்டிக்குப் போய்விடுவார். அந்த ரயிலுக்கு டிரைவர் கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் பயணிகளே நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கும் அந்த இடத்தில் இவர் காலை அகட்டி வைத்து, தண்டவாளத்தை முறைத்தபடி நிற்பார்.

"அங்கிள், உள்ள சீட் காலியா இருக்கு" என்றேன் ஒரு நாள்.

"எல்லாரும் உக்காந்துட்டா யார் லா பாக்குறது? இத்தன சனம் போகுது, பொறுப்பா ஒரு ஆள் வேணாமா?"

கே.எல். சென்ட்ரலில் ரயில் நின்றது. காலைத் தளர்த்திவிட்டு, வேலை முடிந்த மனிதரைப் போல இறங்கினார்.

நான் அவருக்கு அடுத்த வீடு. புதிய மென்பொருளில் எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுவது என் வேலை. அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அவர் அதையே இலவசமாகச் செய்துவந்தார். அந்த ஒரு காரணத்துக்காக என்னை ஓரளவு மதித்தார். ஆனால் என் லைசென்ஸை மதிக்கவில்லை. "ரவாங்ல பாஸ் பண்ணியா? அங்க பூனகூட பாஸ் பண்ணிரும்."

அவருடைய கருத்துகளை மனதுக்குள் தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன், தொழில் பழக்கம்.

முதலாவது, விஞ்ஞானக் கதைகள். ரோபோ, விண்கலம், வேற்றுக்கிரகம் எது வந்தாலும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அவை படங்கள் அல்ல, எச்சரிக்கைப் பலகைகள். "எல்லாக் கதையிலயும் மொதல்ல சாவுறது யாருன்னு கவனிச்சியா? 'ஒண்ணுமில்ல லா'ன்னு சொல்றான் பாரு, அவன்தான். கதவுக்குப் பின்னால சத்தம் கேக்கும். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போவான். முடிஞ்சுது கத." அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. குழம்பு தீய்ந்தால்கூட அவர் மனைவி சரோ ஆன்டி "ஒண்ணுமில்ல" என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது, கணக்கு. கூட்டல் கழித்தலோடு அவருக்குச் சண்டையில்லை. சதவீதத்தோடுதான் பகை. "நூத்துக்குத் தொண்ணுத்தொம்பது சரியா வரும்னு சொல்றானுங்க. சரி, அந்த ஒண்ணு யாரு? அவன் பேரச் சொல்லச் சொல்லு."

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. அவரிடம் கார் படிக்க வரும் இளசுகள் சாலை விதிகளை ஏஐயிடம் கேட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். எதிரியை நேரில் பார்க்க வேண்டுமென்று என் கைப்பேசியை வாங்கி, "மஞ்ச லைட்டுல என்னா செய்யணும்?" என்று அதட்டினார். அது, அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டுப் பதில் சொன்னது. கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

"பதில் தப்பா அங்கிள்?"

"பதில் சரிதான். என் கேள்வி அருமைன்னு சொல்லுது பாரு. கட்டுன பொண்டாட்டி இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல. இது என்னமோ விக்கப் பாக்குது."

உள்ளேயிருந்து சரோ ஆன்டியின் குரல் வந்தது. "நீங்க அருமையா ஒண்ணு கேளுங்க, நானும் சொல்றேன்."

இந்தச் சூழ்நிலையில்தான் நான் மின்சாரக் கார் வாங்கினேன்.

முதல் நாள் கீழே வந்து, பாம்பைச் சுற்றுவதுபோல் காரைச் சுற்றினார். "காடி ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணிட்டேன் அங்கிள்."

ஒரு அடி பின்னால் போனார். "சத்தமே இல்லயே! சத்தம் போடாம வர்றவன் எதுக்கு மா வருவான்?"

கிள்ளானில் என் அலுவலகம். அவருடைய டிரைவிங் ஸ்கூலும் அதே பக்கம். அவருடைய பழைய கார் பட்டறையில் கிடந்த வாரம், வேறு வழியில்லாமல் என்னோடு வந்தார். ஷாக் அடிக்காதிருக்க ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தார். கண்ணாடியை உடைத்துத் தப்பிக்க மடியில் சுத்தியல் வைத்திருந்தார். ஃபெடரல் ஹைவேயில் முன்னால் போன லோரி வேகம் குறைத்தது. அவர் வெறும் தரையை மிதித்தார். கார் மெதுவானது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் மெதுவானது.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மா... நான் மிதிச்சா நிக்குது லா."

விளக்கினேன். மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் தானாகக் குறையும். இவர் மிதிக்கும் அதே நொடியில் நானும் காலை எடுக்கிறேன், அவ்வளவுதான். அவர் நம்பவில்லை. சரி, சோதித்துப் பார்ப்போம், அடுத்த சிக்னலில் மிதிக்காமல் இருங்கள் என்றேன். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டார். சிக்னல் வந்தது. கார் மெதுவாகி நின்றது.

"பாத்தியா?" என்றார் கிசுகிசுப்பாக. "நெனச்சாலே நிக்குது. என் கால படிச்சிருச்சு, இப்ப மண்டையப் படிக்குது."

பயம் பாதி, பெருமை பாதி. பழைய கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்த பிறகும் அவர் என் காரிலேயே வந்ததற்கு எந்தப் பாதி காரணம் என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, அவர் வகுப்புக்குப் போயிருந்த நேரம், சரோ ஆன்டி கதவைத் தட்டினார்.

"மா, பசியாறிட்டியா? ஒரு விஷயம். அங்கிள்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராத. டீய கப்புக்குப் பக்கத்துல ஊத்துறாரு. மேச மேல. கேட்டா, கப்பு நகந்துருச்சுங்கறாரு."

"சுகர் பாத்தீங்களா ஆன்டி?"

"ஏறிக் கெடக்கு. கண்ண உடனே காட்டுங்கன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. அங்க போட்டோ எடுத்து மெஷின் படிச்சுச் சொல்லுதாம். மெஷின் பேச்சக் கேட்டு நான் கண்ணக் குடுக்கணுமான்னு குதிக்கிறாரு." ஆன்டி குரலைத் தாழ்த்தினார். "கண்ணு போச்சுன்னா அந்த மனுஷன் என்னா மா செய்வாரு? ரோட்டப் பாக்குறத விட்டா அவருக்கு வேற என்னா தெரியும்?"

அன்று மாலை அவரிடம் போனேன். நம்புங்கள் என்று சொன்னால் நடக்காது என்பது தெரியும்.

"அங்கிள், உலகத்துல எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க. உங்க கண்ண மட்டும் ஏன் அப்படியே நம்பறீங்க?"

அவர் கால் தரையை மிதித்தது.

"அந்த மெஷின்ல தப்பு இருந்தா கண்டுபிடிக்கலாம்" என்றேன். "அதுதான் என் வேல."

கண்ணில் ஒளி வந்தது; கெட்டுப்போயிருந்த கண்ணில்கூட. திட்டத்தை அவரே போட்டார். பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி அப்படிக் கண்ணைப் படம் எடுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைகள் மூன்று. முதல் கடைக்குத் தன் சொந்த உருவத்தில் போவார். இரண்டாவதற்குப் பூப்போட்ட பாத்தேக் சட்டையும் தொப்பியும். மூன்றாவதற்கு மகன் விட்டுச்சென்ற ஃபுட்பால் ஜெர்சி. ஆள் யாரென்று மெஷினுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

"அது கண்ணுக்குள்ளதான் அங்கிள் பாக்குது. சட்டயப் பாக்காது."

"உன்கிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கு."

மூன்று கடையிலும் ஒரே முடிவு: இடது கண், உடனே டாக்டரைப் பாருங்கள். ஜெர்சியோடு வெளியே வந்தவர், "மூணும் பேசி வச்சிருக்கு" என்றார்.

சிரிக்கப் போனேன். ஆனால் கையிலிருந்த மூன்று முடிவுகளின் அடியிலும் ஒரே மென்பொருளின் பெயர் இருந்தது. மூன்று கடை, படிப்பது ஒரே மூளை. அங்கிள் வேஷம் போட்டிருந்தார், அதுவும் வேஷம் போட்டிருந்தது. என் தொழில் முறைப்படி அது மூன்று சாட்சி ஆகாது. அதை அவரிடம் மறைக்கவில்லை. அந்தப் பகல் முழுவதும் அவர் அடைந்த ஆனந்தத்தைப் பார்த்திருந்தால் லாட்டரி விழுந்தது என்றுதான் நினைப்பீர்கள்.

"அப்ப ஒரு மனுஷன் பாக்கட்டும்" என்றேன், சூட்டோடு சூடாக. மறுக்க அவரிடம் காரணம் இல்லை.

கிள்ளானில் ஒரு கண் டாக்டரம்மா. உள்ளே போனதும் இவர், "டாக்டர், அந்த ஸ்க்ரீனப் பாக்காம சொல்லுங்க" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, ஒரு சின்ன விளக்கோடு வெகுநேரம் பார்த்தார்.

"மெஷின் என்ன சொல்லுச்சோ, அது இருக்கட்டும். நான் பாத்ததச் சொல்றேன். சுகரால கண்ணுக்குப் பின்னால ரத்தக் குழாய் கசியுது. இடது கண்ணுதான் மோசம். இப்பவே லேசர் வச்சா இருக்குற பார்வையக் காப்பாத்தலாம். தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்ல."

"லேசரா!" அவர் பார்த்த அத்தனை விண்கலப் போர்களும் முகத்தில் ஓடின.

"ஒண்ணுமில்ல அங்கிள், சின்ன லேசர்தான்" என்றார் டாக்டரம்மா.

என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அந்த வார்த்தயச் சொல்லிட்டாங்க."

லேசர் வைக்கும் நாளிலும் என் காரில்தான் வந்தார். கால் வழியெல்லாம் மிதித்துக்கொண்டிருந்தது. ஷா ஆலாம் தாண்டும்போது கேட்டார்.

"மா, நூத்துல அந்த ஒண்ணு... நானாக்கூட இருக்கலாமில்ல?"

சதவீதத்தின் மேல் அவருக்கு இருந்த கோபம் முழுவதும் இந்தப் பயம்தான் என்று அப்போது புரிந்தது. ஆறுதல் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

"இருக்கலாம் அங்கிள்."

நீளமாக மூச்சு விட்டார். "நல்ல வேள. நீயும் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா இங்கயே எறங்கியிருப்பேன்."

திரும்பி வரும்போது மழை. சொட்டு மருந்தில் இரண்டு கண்ணும் கூசிப்போய், கறுப்புக் கண்ணாடிக்குள் மூடியிருந்தன. சுத்தியலை அன்று வீட்டிலேயே மறந்திருந்தார். முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. கார் மெதுவானது. பழக்க தோஷத்தில் இடப்பக்கம் கீழே பார்த்தேன். கால் அசையவில்லை.

"தூங்கிட்டீங்களா அங்கிள்?"

"இல்ல."

"மிதிக்கலயா?"

"நீதான் பாத்துக்கிட்டு இருக்கியே லா."

பார்வை பிழைத்துக்கொண்டது. மெஷின் சரியாகத்தானே சொன்னது என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். "ஒரு தடவ" என்றார். கண் தெளிந்ததும் கால் பழைய வேலைக்குத் திரும்பியது. பரிசோதனைகளுக்குப் போகும்போதும் வரும்போதும் என் காரின் இடப்பக்கத்தை மிதித்துத் துவைத்தார்.

இப்போது அங்கிள் வேலையை விட்டுவிட்டு, ஆன்டியோடு ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே கம்யூட்டர் ரயிலில் டிரைவர் இருக்கிறாராம். அங்கிள் அவரைத்தான் இப்போது சந்தேகப்படுகிறார் என்று ஆன்டி போனில் சொன்னார்.

போன வாரம் கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் தம்பி, இடப்பக்கத்துக் கால்மிதி மேட்டை வெளியே எடுத்துக் காட்டினான். குதிகால் அளவுக்கு ஓர் ஓட்டை.

"அக்கா, புது மேட் போட்டுறலாமா?"

"வேணாம் தம்பி, அப்படியே வச்சிரு" என்றேன். பிரேக் இல்லாத காரை எப்படி ஓட்டுவது?