முதலாளிக்கும் கிடையாது

இனிமேல் என் கடையில் ஒருத்தனும் போனில் சொந்தக் கதை பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். தொண்ணூற்றாறாம் வருஷம். பாளையங்கோட்டையில் பெயிண்டுக் கடை. வேலைக்கு இரண்டே பேர். ஒருத்தன் கலர் கலக்குகிறவன். அவன் கை காய்ந்து நான் பார்த்ததில்லை, ரிசீவரைத் தொடவே மாட்டான். இன்னொருத்தன் இசக்கியப்பன். அவனுக்குப் போன் பண்ண ஊரில் ஆளே கிடையாது. அப்புறம் யாருக்குய்யா சட்டம் என்கிறீர்களா? கிட்ட வாங்க, பைய சொல்லுதேன். என் பெண்டாட்டி வடிவம்மாளுக்கு!

வீட்டில் போன் கிடையாது. வைத்தால் என் கதி என்ன ஆகும் என்றுதான் வைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜுபைதா பீவியிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் துபாயிலிருந்து எப்போதாவது பேசுவார். மிச்ச நேரமெல்லாம் அந்தப் போன் வடிவுக்குத்தான்.

"ஏங்க, வரும்போது தேங்கா வாங்கியாங்க."

வைத்துவிடுவாள். காண்ட்ராக்டரோடு நான் விலைக்கு மல்லுக்கட்டும்போது மறுபடி மணி.

"வேண்டாம், தேங்கா இருக்கு."

காண்ட்ராக்டர் சிரிப்பை அடக்கி முடிப்பதற்குள் மூன்றாவது மணி.

"இருந்த தேங்கா அழுகிப்போச்சுங்க."

நேரே அவளிடம் சொல்ல எனக்கேது தைரியம்? ஒரு அட்டையில் பெரிசாக எழுதி போனுக்கு மேலே தொங்கவிட்டேன். 'வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு கிடையாது. முதலாளிக்கும் கிடையாது.' இசக்கியைக் கூப்பிட்டு, "வீட்டுப் பேச்சுன்னா எவரா இருந்தாலும் சட்டத்தச் சொல்லி வச்சிருலே" என்றேன். மத்தியானச் சாப்பாட்டில் வடிவிடம் மெதுவாக அவிழ்த்தேன்.

"வேலைக்காரங்களுக்கு ஒரு ஒழுங்கு வேணும்லா? நானே மீறினா எவன் மதிப்பான்? நீ கோவிச்சுக்கிடாத."

"நா ஏன் கோவிக்கேன்? நல்ல சட்டம்தான். யாருக்காகவும் மாத்தப்பிடாது, கேட்டியளா?"

"ஒருக்காலும் மாத்தமாட்டேன்!"

அந்த வாரம் சுகமோ சுகம். தேங்காய் இருந்ததா அழுகியதா, எனக்கு ஒன்றும் தெரியாது.

சட்டத்துக்கு முந்தின வாரம்தான் எங்கள் மகள் சங்கரியை ராதாபுரத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனுக்கு உரக்கடை. நல்ல இடம். சங்கரிக்கும் பிடித்துப்போய், சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை அவளுக்கு. வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் போட்டு முடிவு சொல்லுதோம் என்றிருந்தார் பையனின் அப்பா. வெள்ளிக்கிழமை நான் போனை விட்டு நகரவில்லை. நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று இசக்கியிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சரக்கு லாரி வந்தது. இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால் இசக்கி ரிசீவரை வைக்கிறான்.

"யாருலே?"

"ராதாபுரத்துலேர்ந்து ஒரு பெரியவரு, அண்ணாச்சி. பொண்ணு விஷயமாப் பேசணும்னாரு."

"என்னையக் கூப்பிட வேண்டியதுதானலே!"

"அதெப்படி? சொந்தப் பேச்சுல்லா? கிடையாதுன்னுட்டேன். முதலாளியக் கூப்பிடுன்னாரு. முதலாளிக்கும் கிடையாதுன்னுட்டேன். ரெண்டாந்தரமும் அடிச்சாரு. விடுவனா?"

முகத்தில் அப்படியொரு பெருமை. நாமே திரும்பக் கூப்பிடலாமென்றால் அவர் நம்பரும் என்னிடம் இல்லை. மரியாதை தெரியாத குடும்பம் என்று வேறு இடம் பார்த்துவிட்டால்? சங்கரி முகத்தில் எப்படி முழிப்பேன்? அவள் அம்மா முகத்தில்? நெல்லையப்பா, காப்பாத்து என்று ஸ்கூட்டரை உதைத்தேன்.

வீட்டில் கேசரி வாசனை. சங்கரி என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"வாங்க, சம்மதமாம்" என்றாள் வடிவு.

"யாரு சொன்னா?"

"மாப்பிள்ளயோட அப்பாதான். நீங்க சட்டம் போட்ட அன்னைக்கே ஜுபைதா வீட்டு நம்பர அவுகளுக்குச் சொல்லியனுப்பிட்டேன். எனக்குப் போட்ட சட்டத்துல புள்ள கல்யாணம் சிக்கிக்கிடும்னு தெரியாதா?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். சட்டம் யாருக்கென்று அவளுக்குத் தெரிந்துபோனதுகூட அந்த நிமிஷம் எனக்குப் பெரிசாகப் படவில்லை.

"கோவமா இருந்தாராட்டி?"

"மொதல்ல எரிஞ்சுதான் விழுந்தாரு. 'முதலாளிக்கே போன் கிடையாதாமே, யாரும்மா போட்ட சட்டம்'னாரு. நாந்தான்னு சொல்லிட்டேன்."

"நீயா!"

"பின்னே? அவருக்கு ஒரே சந்தோஷம். 'எம்மவன் வியாபாரத்த விட்டுட்டு எந்நேரமும் போனும் கையுமாக் கெடக்கான். உங்கள மாதிரி ஒரு அம்மா வளத்த புள்ளதான் அவன நிமித்தணும்'னுட்டாரு."

சட்டம் என்னுடையதுடீ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு உருண்டை கேசரியை உள்ளே தள்ளிவிட்டாள்.

"திங்கக்கிழம சம்பந்தி கடையப் பாக்க வாராக. அந்த அட்டைக்குக் கீழ எம் பேர எழுதி வச்சிருங்க."

'இப்படிக்கு முதலாளி, வடிவம்மாள்' என்று எழுதினேன். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று திரும்ப எழுத வைத்தாள்.