லிஃப்ட் அண்ணனின் ஜெபக்குறிப்பு நோட்டு

இந்தத் தீவில் லிஃப்ட் அண்ணனைப் போல் ஓர் ஓட்டை வாய் இனிப் பிறக்கப்போவதில்லை. மற்ற ஓட்டை வாய்க்காரர்கள் காதோடு காதாகச் சொல்வார்கள். இவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, ஜெபமாகவே சொல்லிவிடுவார். எழுத உட்கார்ந்ததுமே எனக்குக் கோபம் வருகிறது.

நான் நாகர்கோவிலிலிருந்து கட்டட வரைபடம் வரையும் வேலைக்கு வந்தவன். ஆபீஸ் தஞ்சோங் பகாரில். ஞாயிறு மதியம் தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் ஜெப ஐக்கியம் கூடும். நாற்பது பேர், இரண்டு மின்விசிறி, கீழே பரோட்டாக் கடை. ஆராதனைக்கு முன்னால் ஒரு நீளமான நோட்டோடு வந்து ஒவ்வொருவரிடமும் ஜெபக்குறிப்பு, அதாவது எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று, கேட்டு எழுதிக்கொள்வார் லிஃப்ட் அண்ணன். அந்தப் பொறுப்பை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்தவர் மட்டும் கையில் கிடைக்கட்டும்.

அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. வாரம் ஆறு நாளும் லிஃப்ட் குழிக்குள் நின்று பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் ஆளோடு பேசுகிற தொண்டை. அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று இறக்கி வைக்க அவருக்குத் தெரியாது.

வந்த புதிதில், விவரம் தெரியாமல், எனக்கு மூலம் என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டேன். பத்தே நிமிடத்தில் மாடி அதிர்ந்தது. "கர்த்தாவே, உட்கார முடியாம பின்னாடி நிக்கிறானே சாமுவேல் தம்பி, அவனோட மூல வியாதியத் தொடும். பிளாக் முப்பத்தொம்பது, எட்டாவது மாடி. லிஃப்ட் எட்டுல நிக்காது ஆண்டவரே, ஏழுல இறங்கி ஒரு மாடி ஏறணும்."

நாற்பது தலைகளும் திரும்பின. முகவரியை எதற்குச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். இந்த ஊரில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, குழப்பம் வந்துவிடக் கூடாது என்றார். பரலோகத்துக்கே வழி சொல்கிற மனிதரிடம் நான் என்ன பேச?

என்னை விடுங்கள். செம்பவாங்கில் இருந்து வரும் நர்ஸ் எஸ்தரைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பையனின் அம்மா மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். "இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு மாப்பிள்ளையும் சரியில்லன்னு உமக்கே தெரியும். இதையாவது பாத்துக்கும்" என்று லிஃப்ட் அண்ணன் கண்ணீரோடு மன்றாடினார். முதலில் கண்ணைத் திறந்தது பட்டுப்புடவைதான்.

நாங்கள் நாலைந்து பேர் படிக்கட்டில் அவரை மடக்கிச் சண்டை பிடித்தோம். அவர் நிதானமாக நோட்டை அக்குளில் செருகிக்கொண்டார்.

"நான் ஆண்டவர்கிட்டதான்லா சொன்னேன், உங்ககிட்டயா சொன்னேன்? கண்ண மூடிக்கிட்டு எதுக்குக் காதத் திறந்து வச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. அதுவும் ஒரு கோபம்.

அப்புறம்தான் அந்த வருடம் வந்தது. ஆபீசில் ஆட்குறைப்பு. வேலை அனுமதி ரத்து. முப்பது நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு அப்போது ஆறு மாதம், ஊரில் இருந்தாள். ஐக்கியத்தில் அவளுடைய பெரியம்மா மகள் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் நாகர்கோவிலுக்கே தெரிந்த மாதிரி. தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, எங்கள் குடியிருப்புக் கட்டடத்தின் கீழே இருக்கும் கல் மேசையில் போய் உட்கார்ந்து வேலை கேட்டுப் போன் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லிஃப்ட் கதவு திறந்து, உள்ளேயிருந்து எண்ணெய்க் கையோடு அவர் வெளியே வந்தார். எத்தனையோ ஆயிரம் லிஃப்ட் இருக்கும் ஊரில் என் வீட்டு லிஃப்ட்தான் அன்றைக்குக் கெட வேண்டுமா?

மடிப்புக் கலையாத சட்டையையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. மீதி நாள் கணக்கையும், மனைவிக்குச் சொல்லாததையும் என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு தம்பி. ஆனா வார்த்தை தர்றேன். உன் பேரு என் வாயில வராது" என்றார்.

மனிதர் வார்த்தை தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தார், கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, பேர் சொல்ல மாட்டேன்னு வார்த்தை குடுத்துட்டேன். அதனால அந்த மூல வியாதி தம்பின்னு மட்டும் சொல்றேன். அவனுக்கு வேலை போச்சு. இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கு. பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாம தனியா உக்காந்திருக்கான்."

எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நான் நடந்து போவதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது. அவள் திட்டவில்லை, அழுதாள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

வந்த வழியே திரும்பிப் படியேறினேன். அவர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். வயதுக்குக்கூட மரியாதை கொடுக்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்கள் நாக்கு இருக்கும் இடத்தில் இனி நான் இருக்க மாட்டேன் என்றேன். அவர் கடைசி நாற்காலியையும் அடுக்கிவிட்டுத் திரும்பினார்.

"ஒம்போது நாளு ஒத்தை ஆளா சுமந்தியே, லேசாச்சா தம்பி?"

நான் படியிறங்கிவிட்டேன். அன்று மாலைக்குள் பதினொரு பேர் போன் செய்தார்கள். அவர்களில் ஒருத்தி எஸ்தர். அவளைக் கட்டிக்கொண்டது அன்றைக்குப் பெண் பார்க்க வந்த அதே மூன்றாவது மாப்பிள்ளைதான். அவனுடைய மேலாளருக்கு வரைபடம் போட ஆள் தேவைப்பட்டது. இருபத்தாறாம் நாள் வேலை கிடைத்தது. லிஃப்ட் அண்ணனால்தான் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு அப்போது மனமில்லை. நன்றி சொல்லவில்லை. அந்த மாடிக்கும் மறுபடி போகவில்லை.

இப்போது செங்காங்கில் இருக்கிறோம். மனைவியும் மகளும் இங்கேயே வந்துவிட்டார்கள். பக்கத்தில் பெரிய சபை, குளிரூட்டிய மண்டபம். ஜெபக்குறிப்பை யாரிடமும் சொல்ல வேண்டாம். சுவரில் இருக்கும் கியூஆர் கோடைப் போனில் பிடித்து எழுதி அனுப்பினால் போதும். போன மாதம் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அதை எழுதி அனுப்பினேன். உங்கள் விண்ணப்பம் இரகசியமாகக் காக்கப்படும் என்று உடனே பதில் வந்தது. அப்படியே காத்தார்கள். மூன்று ஞாயிறும் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து எழுந்து வந்தோம். எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒரு ஆள் கேட்கவில்லை. இந்தக் கோபத்தின் முன்னால் பழைய கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

நேற்று மனைவிதான் கேட்டாள், "ஏங்க, லிஃப்ட் அண்ணனுக்குச் சொன்னீங்களா?"

போன் செய்தேன். ஆறு வருடம் கழித்துப் பேசுகிறேன் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பழைய அதட்டலோடு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்றேன்.

"சொல்ல மாட்டேன் தம்பி. பிளாக் நம்பர் மட்டும் சொல்லு."

சொன்னேன். எத்தனையாவது மாடி என்றும் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.