சீர்த் தட்டில் வந்த பிராசசர்

பதினோரு வீடியோ பார்த்தவனுக்கு வருகிற தைரியம், அந்த வேலையைப் பத்து வருஷமாகச் செய்கிறவனுக்குக்கூட வராது. எனக்கு அது இருபத்து நான்காவது வயதில் அளவுக்கு மீறி வந்திருந்தது. கம்ப்யூட்டரைக் கடையில் முழுதாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறவன்தான் விஷயம் தெரிந்தவன் என்று, ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காத நான், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (கேட்டவர்கள் பாவம், பஸ்ஸுக்காக நின்றவர்கள். ஓட முடியாது.)

அப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம், அப்பா வீடு கட்டி முடித்திருந்தார். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துப் புதுமனை புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று. (பௌர்ணமியன்று வைத்தால் கிரிவலக் கூட்டத்தில் சமையல்காரரின் வேனே ஊருக்குள் வராது.) எல்லாம் தயார். அம்மா மட்டும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், என் இரண்டு தாய்மாமன்கள்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். சின்ன மாமா ஏழுமலை அம்மாவின் தம்பி. அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பங்கு நிலத்துப் பொதுக் கிணற்றில் யார் எந்தக் கிழமை மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில், இருவரும் பேச்சை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் வருகிற விசேஷத்துக்கு இன்னொருவர் வரமாட்டார்.

"புது வீட்டுக்குப் பொறந்த வீட்டுச் சீர் வரணும்டா. அண்ணன் வந்தா தம்பி வரமாட்டான், தம்பி வந்தா அண்ணன் வரமாட்டாரு. நான் யாரைக் கூப்பிடறது?" என்று அம்மா என்னிடம் அழுதாள்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) ஒருவர் பீரோ, ஒருவர் கட்டில் என்று சீர் வைப்பதால்தானே தனித்தனியாக வருகிறார்கள்? ஒரே பொருளை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால்? கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைப் பெரிய மாமா வாங்கட்டும். அந்த மூளை உட்காருகிற மதர்போர்டைச் சின்ன மாமா வாங்கட்டும். ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு உயிர் கிடையாது. மற்ற சாமான் எல்லாம் என் பொறுப்பு. இருவருக்கும் மாடல் பெயரோடு போனில் மெசேஜ் அனுப்பினேன். 'ஒரு எழுத்து மாறாமல் இதையே வாங்கவும்' என்று கடைசியில் கட்டளை வேறு.

ஆச்சரியம், இருவரும் ஒத்துக்கொண்டார்கள். "அவன் பாதி வந்து என் பாதி வரலைனா, சபையில யாருக்கு அசிங்கம்?" என்று பெரிய மாமா கேட்டார். சின்ன மாமாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நான் அம்மாவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று தெருவின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு சீர்கள் மேளத்தோடு வந்தன. சின்ன மாமாவின் தட்டில் மதர்போர்டு, அகலமான டப்பா, நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. பெரிய மாமாவின் தட்டில் பிராசசர். அது உள்ளங்கைக்குள் அடங்குகிற டப்பா. மனசு தாங்காமல் அதைச் சுற்றிப் பதினோரு தேங்காய் அடுக்கியிருந்தார். எதிரே வந்த தட்டைப் பார்த்தவர், என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

"இன்னாடா இது? அவனுக்கு மட்டும் அவ்ளோ பெரிய டப்பா, எனக்குத் தீப்பெட்டியா?"

"மாமா, உங்களதுதான் மாமா மூளை."

"மூளைன்னு டப்பா மேல பெருசா எழுதி ஒட்டு. வரவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

பந்தி முடிந்ததும் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, சொந்தபந்தம் சூழ, நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கலாம். நான்தான் விடவில்லை. எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்து விளக்கவுரை தந்தேன். பெரிய மாமா இடது பக்கம், சின்ன மாமா வலது பக்கம். அம்மா அடுப்படி வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

பிராசசரை எடுத்தேன். அதன் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். நல்லது, கால்கள் என்றால் எதிரே ஓட்டைகள் இருக்கும். மதர்போர்டின் மூடியைத் திறந்தேன். அங்கேயும் ஊசிகள். முள்ளுக்கு எதிரே முள்.

வீடியோவில் இப்படி வரவில்லை. ஒரு பக்கம் வைத்து அழுத்தினேன். திருப்பி வைத்து அழுத்தினேன். அதற்கு நான்கு பக்கம்தான் இருந்ததால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா, "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாரேன்" என்றார். வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் தண்டபாணி, சாப்பிட வந்தவர், டெஸ்டரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எர்த் எல்லாம் பக்காவா போட்டிருக்கேன் சார். என் மேல பழி போட்டுடாதீங்க." நான் இன்னும் ப்ளக்கையே மாட்டவில்லை! யாரோ லேசாகத் தட்டச் சொன்னார்கள். யாரோ ராகு காலமா என்று மணி பார்த்தார்கள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இது:

"பெரிய மாமா, கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான் போல. பீஸ் டிஃபெக்ட்."

பெரிய மாமா தோளில் கிடந்த துண்டை உதறினார். "நான் வாங்கினது டிஃபெக்டா? எதிர்க்கவே நின்னு சீல் பிரிக்காத பீஸா வாங்கினேன்டா. டப்பா பெருசா இருந்தா ஆச்சா? அத பாரு, கோளாறு அதுல இருக்கும்." இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வலது பக்கச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சின்ன மாமா மின்விசிறியைப் பார்த்துப் பதில் சொன்னார். "சில பேருக்கு எப்பவுமே அடுத்தவன் மேல பழி போட்டாத்தான் சோறு எறங்கும். கெணத்துலயும் அப்டித்தான்."

கிணறு வந்துவிட்டது. பதறிப்போய், "ஆமா மாமா, போர்டுலதான் ஏதோ பிராப்ளம் போல" என்று நான் பெரிய மாமா பக்கம் சாய்ந்தேன். (எவனாவது சொல்வானா இதை?) சின்ன மாமா துள்ளி எழுந்தார். பெரிய மாமா ஏற்கெனவே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா ஓடிப்போய் வாசலை மறித்தாள். "சாப்ட்ட கை காயறதுக்குள்ள கெளம்பறியாண்ணா? இந்த ஒரு நாளு இருக்கக் கூடாதா?" இனி இவர்கள் செத்தாலும் பேசமாட்டார்கள், அதற்குக் காரணம் கிணறு இல்லை, நான்தான் என்று புரிந்தபோது, ஜமக்காளத்துக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போது தண்டபாணி இரண்டு டப்பாக்களையும் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கோச்சிக்காதீங்க சார். இந்தப் பிராசசர் ஒரு கம்பெனி. இந்த போர்டு வேற கம்பெனி பிராசசருக்குன்னு டப்பா மேலயே போட்டிருக்கு. ஒரு மிக்சி ஜாரு இன்னொரு மிக்சில உக்காராது இல்ல சார்?"

"அவன்தான் மாத்தி வாங்கினு வந்திருப்பான்" என்று வாசலிலிருந்தும், "அவருதான்" என்று கூடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு போன்களும் வெளியே வந்தன. தண்டபாணி இரண்டையும் வாங்கி, என் மெசேஜ்களைச் சத்தமாகப் படித்து, டப்பாக்களோடு ஒப்பிட்டார். இரண்டு பேரும் ஒரு எழுத்து மாறாமல் நான் எழுதியதையே வாங்கியிருந்தார்கள்.

பெரிய மாமா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ரெண்டையும் நீதான எழுதின?"

"ஆமா மாமா. ஒரு வீடியோல அந்தப் பிராசசர் நல்லா இருக்கும்னாங்க. இன்னொரு வீடியோல இந்த போர்டு நல்லா இருக்கும்னாங்க."

"ரெண்டும் சேருமான்னு பாத்தியா?"

"ரெண்டும் நல்லதான்னு பாத்தேன் மாமா."

பெரிய மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது பக்கம் திரும்பினார்.

"ஏழுமல, இந்தப் பயல நம்பியா நாம ரெண்டு பேரும் கடைக்குப் போனோம்?"

"எனக்கு மெசேஜ் வந்தப்பவே டவுட்டுதாண்ணா" என்றார் சின்ன மாமா.

ஐந்து வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னை மட்டும் திட்டினார்கள். நான் மூன்றாம் வகுப்பில் செய்ததெல்லாம் வெளியே வந்தது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திரும்பவும் கிணற்றுக்குப் போய்விடுவார்களோ என்று பயம்.

என் அழுத்தலில் இரண்டு பக்க ஊசிகளும் வளைந்துவிட்டதால், கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மாமாக்கள் இருவரும் ஒரே பைக்கில் போய், வேறு கம்ப்யூட்டரை முழுதாகப் பூட்டி வாங்கி வந்தார்கள். நானும் வருகிறேன் என்று கிளம்பியபோது, "நீ வூட்லயே இரு" என்றார்கள். அது இன்றுவரை நன்றாக ஓடுகிறது. (அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.)

பிறகு எனக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பையன் எப்படி என்று அவர்கள் கேட்பதற்குள், "என் புள்ள ஒரு தப்பு பண்ணான், என் பொறந்த வீடு ஒண்ணாச்சு" என்று அம்மா முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெண் என்னை நினைத்துச் சிரித்து முடித்திருந்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மளிகைக்கு எழுத நான் பேனாவை எடுத்தால், "நீங்க சும்மா இருங்க" என்று என் மனைவி வாங்கிக்கொள்கிறாள். வீட்டுக்குப் பெரிதாக எதை வாங்குவதென்றாலும் என்னைக் கேட்பதில்லை. பெரிய மாமாவுக்கு ஒரு போன், சின்ன மாமாவுக்கு ஒரு போன். ஆரம்பத்தில் அப்படித்தான் இரண்டு போன் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்று போட்டால் போதும், பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள்.